டிரெட்மில் டெஸ்ட் (டிஎம்டி) நார்மல், ஆஞ்சியோவில் 40% அடைப்பு: அதே இடத்தில் மாரடைப்பு எப்படி வருகிறது?

பயாலஜி_டீச்சர்:

மாரடைப்பை விளக்க எல்லாரும் எடுக்கும் உவமை உப்புப் படிந்த தண்ணீர்க் குழாய். படியப் படியக் குழாய் சுருங்கி, கடைசியில் சொட்டுகூட வராமல் அடைத்துக்கொள்ளும் என்று. அப்படித்தான் நடக்கிறது என்றால் 70, 80, 90 சதவீதம் என்று ஏறும்போதே, மாடிப்படி ஏறுகையில் நெஞ்சு இறுகிக் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். ஆனால் நிறையப் பேருக்கு முதல் அறிகுறியே மாரடைப்புதான். முந்தைய ஆஞ்சியோவில் 30, 40 சதவீதம் என்று எழுதி மாத்திரையோடு அனுப்பிய அதே இடத்தில் பிறகு முழு அடைப்பு வந்த கேஸ்களும் மருத்துவ இதழ்களில் உண்டு.

என் சந்தேகங்கள் மூன்று. உடையும் படிவுக்கும் உடையாத படிவுக்கும் உள்ளே என்ன வித்தியாசம்? உடைந்த பிறகு ஒருவருக்கு நெஞ்சுவலியோடு நிற்பதும், ஒருவருக்குச் சின்ன மாரடைப்பும், ஒருவருக்குப் பெரிய மாரடைப்புமாகப் பிரிவது எதனால்? உடையப்போவதை முன்கூட்டியே பார்க்க முடியாதா? பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் போர்டில் வரைந்து காட்ட வேண்டும், அதனால் அளவுகளோடு சொன்னால் நல்லது.

திசுப்பார்வை:

டீச்சர், தண்ணீர்க் குழாயை விட்டுவிடுங்கள். சீழ்க்கட்டிதான் நெருக்கமான உவமை. படிவு குழாயின் உள்பரப்பில் ஒட்டிக்கொண்டு இருப்பதில்லை, சுவருக்குள்ளே இருக்கிறது.

எல்டிஎல் எனும் ‘கெட்ட கொலஸ்ட்ரால்’ துகள்கள் உள்படலத்துக்கு அடியில் போய்ச் சிக்கி ஆக்சிஜனேற்றம் அடைகின்றன. அவற்றைத் தின்ன வரும் மேக்ரோபேஜ் வெள்ளணுக்கள் தின்று தின்று நுரைச்செல்களாகி அங்கேயே சாகின்றன. செத்ததை அள்ளும் வேலையும் மெல்ல நின்றுபோக, கொலஸ்ட்ரால் படிகமும் செல் குப்பையும் கலந்த கூழ் நடுவில் சேர்கிறது. அதைக் கரு என்போம். ஓடும் ரத்தத்துக்கும் இந்தக் கூழுக்கும் நடுவே கொலாஜன் நாரால் ஆன ஒரு மூடி. முழுக்கதையும் இந்த மூடியின் தடிமனில்தான் இருக்கிறது.

மூடியை ஓலைக்கூரை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருபக்கம் வேய்ந்துகொண்டும் மறுபக்கம் பிரித்துக்கொண்டும் இருக்கிறார்கள். வேய்கிறவை மென்தசைச் செல்கள். டி செல்கள் என்ற வேறொரு வகை வெள்ளணுக்கள் சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா அவற்றின் கொலாஜன் உற்பத்தியை அடக்குகிறது. பிரிக்கிறவை மேக்ரோபேஜ்கள் விடும் மெட்டலோபுரோட்டினேஸ் (எம்எம்பி) நொதிகள். எம்எம்பி 1, 8, 13 ஆகியவை கொலாஜன் இழையையே வெட்டக்கூடியவை. அழற்சி ஓங்கிய படிவில் வேய்கிற கை ஓய்ந்து, பிரிக்கிற கை ஓங்குகிறது. மூடி மெலிகிறது.

எவ்வளவு மெலிந்தால் ஆபத்து? நோய்க்கூறியல் நிபுணர் ரேணு விர்மானி குழுவினர் திடீர் மரணமடைந்தவர்களின் கரோனரித் தமனிகளை (இதயத்துக்கே ரத்தம் தரும் குழாய்களை) அறுத்துப் பார்த்து 1997-இல் சொன்ன கணக்கு இது: உடைந்த மூடிகளின் சராசரித் தடிமன் 23 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்), 95 சதவீதம் மூடிகள் 65 மைக்ரானுக்குக் கீழே. ஒரு தலைமுடியின் பருமன்தான் 65. பெரிய கரு, 65 மைக்ரானுக்கும் மெல்லிய மூடி, மூடிக்குள் மேக்ரோபேஜ் கூட்டம்: இந்த மூன்றும் சேர்ந்த படிவை ‘மெல்மூடிப் படிவு’ என்று எழுதலாம்.

உடைவது பெரும்பாலும் தோள்பட்டையில், அதாவது மூடி ஆரோக்கியமான சுவரோடு சேரும் ஓரத்தில். அங்கேதான் இழுவிசை குவிகிறது, மேக்ரோபேஜும் கூடுகிறது. மூடிக்குள் சில மைக்ரான் அளவுச் சுண்ணாம்புத் துகள்கள் இருந்தால் அவற்றைச் சுற்றி இழுவிசை இன்னும் ஏறும். பெரிய தகடாக இறுகிய சுண்ணாம்பு வேறு, அது படிவைக் கட்டிப்போடுகிறது. கரு சட்டென்று பெருப்பதற்கு இன்னொரு வழியும் உண்டு. தமனிச் சுவருக்குள் புதிதாக முளைக்கும் நுண்குழாய்கள் ஒழுகும். கசிந்த சிவப்பணுக்களின் சவ்விலேயே நிறையக் கொலஸ்ட்ரால் இருப்பதால் ஒரு கசிவு கருவைச் சட்டென்று ஊதவைக்கும்.

பிள்ளைகளுக்கு இதையும் சொல்லுங்கள்: உடைவதெல்லாம் மாரடைப்பு ஆவதில்லை. சத்தமில்லாமல் உடைந்து, சின்னக் கட்டி உறைந்து, அதன்மேல் புது நார் மூடி ஆறிவிட்ட தழும்புகள் அடுக்கடுக்காக எத்தனையோ தமனிகளில் கிடைக்கின்றன. குழாய் சுருங்குவதில் ஒரு பங்கு இப்படி உடைந்து ஆறிய படிவுகளால் வருவது. ஆகவே 80 சதவீத அடைப்பு என்பது பல சமயம் ஒரு பழைய போர்க்களம்.

கேத்லேப்_ஷிஃப்ட்:

ஆஞ்சியோ பக்கத்திலிருந்து. நாம் படத்தில் பார்ப்பது சாயம் ஓடும் வழியை மட்டும். சுவர் தெரியாது. 1987-இல் கிளாகோவ் என்ற ஆய்வாளர் 136 இதயங்களின் இடது பிரதான தமனியை அளந்து காட்டினார்: படிவு வளர வளரத் தமனி வெளிப்பக்கமாக விரிந்து கொடுக்கிறது. உள் எலாஸ்டிக் படலம் (சுவரின் உள்ளடுக்கைச் சுற்றியிருக்கும் மீள்படலம்) சூழும் பரப்பில் 40 சதவீதத்தைப் படிவு பிடிக்கும்வரை ரத்தம் ஓடும் வழி அவ்வளவாகக் குறைவதில்லை. ஆஞ்சியோவில் ‘லேசான சொரசொரப்பு’ என்று எழுதிய இடத்தில் சுவருக்குள் பெரிய கரு உட்கார்ந்திருக்கலாம்.

நீங்கள் சொன்ன கேஸ்கள் பற்றி 1988-இல் வந்த ஒரு சின்ன ஆய்வு மிகப் பிரபலம். பிறகு மாரடைப்பு வந்தவர்களின் பழைய ஆஞ்சியோவைத் தேடி எடுத்துப் பார்த்தார்கள். புதிதாக அடைத்துக்கொண்ட தமனி இருந்த 29 பேரில் 19 பேருக்கு, அந்தத் தமனியில் முன்பு இருந்தது 50 சதவீதத்துக்கும் குறைவான சுருக்கம். 28 பேருக்கு 70-க்கும் கீழே. டிரெட்மில்லில் ஈசிஜி மாற வேண்டுமானால் பொதுவாக 70 சதவீதத்துக்கு மேல் சுருங்கி ஓட்டம் தடைபட வேண்டும். ஆகவே இவர்களுக்கு டிஎம்டி நார்மலாக வருவதில் ஆச்சரியம் இல்லை. டெஸ்ட் பொய் சொல்லவில்லை, நாம் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டது.

ஆனால் இதைப் பிடித்துக்கொண்டு ‘சின்ன அடைப்புதான் ஆபத்து, பெரிய அடைப்பு பத்திரம்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அது தப்பு. சின்னப் படிவுகள் எண்ணிக்கையில் மிக அதிகம், அதனால் மொத்தக் கணக்கில் அவற்றின் பங்கு பெரிதாகத் தெரிகிறது. ஒன்றுக்கு ஒன்று என்று பார்த்தால் பெரிய படிவு உடையும் வாய்ப்புதான் கூடுதல். இன்னொன்று, அந்தப் பழைய ஆஞ்சியோக்கள் பல மாதங்களுக்கும் வருடங்களுக்கும் முந்தியவை. நடுவே படிவு வளர்ந்திருக்கும்.

மருந்துப்பெட்டி:

இரண்டாவது கேள்விக்கு. உடைவது ஒரு நொடி வேலை. மற்றதெல்லாம் ரத்தக்கட்டியின் வேலை.

மூடி கிழிந்ததும் இரண்டு பொருள் ரத்தத்தின் முன் வந்து நிற்கின்றன. ஒன்று கொலாஜன். வான் வில்பிராண்ட் காரணி வழியாகவும் நேரடியாகவும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) அதில் ஒட்டுகின்றன. மற்றொன்று கருவுக்குள் இருக்கும் டிஷ்யூ ஃபேக்டர். அது ரத்தம் உறையவைக்கும் ஏழாம் காரணியைப் பிடித்து, த்ராம்பின் என்ற உறைநொதியை உண்டாக்கும் சங்கிலியைக் கிளப்புகிறது. ஒட்டிய தட்டணு த்ராம்பாக்ஸேன், ஏடிபி என்று இரண்டு அழைப்புகளை விட்டு மற்றத் தட்டணுக்களைக் கூப்பிடுகிறது. கடைசியில் ஒவ்வொன்றின் மேலும் இருக்கும் 2பி/3ஏ ஏற்பிகள் ஃபைப்ரினோஜனைக் கயிறாகப் பிடித்து ஒன்றோடொன்று கட்டிக்கொள்கின்றன.

மருந்துகள் எந்த இடத்தில் வெட்டுகின்றன என்று பாருங்கள். ஆஸ்பிரின் த்ராம்பாக்ஸேன் உற்பத்தியை நிறுத்துகிறது. தட்டணுவுக்கு உட்கரு இல்லை, புது நொதி செய்ய முடியாது. அதன் 7 முதல் 10 நாள் ஆயுள் முழுக்க முடக்கம்தான். க்ளோபிடோக்ரெல், டிகாக்ரெலார், பிராசுக்ரெல் மூன்றும் ஏடிபி அழைப்பைக் கேட்கும் பி2ஒய்12 ஏற்பியை அடைக்கின்றன. ஹெபாரின் த்ராம்பின் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறது.

கட்டி குழாயை முழுக்க அடைத்து அப்படியே நின்றால் ஈசிஜியில் எஸ்டி என்ற பகுதி மேலே ஏறும்; பெரிய மாரடைப்பு. 1980-இல் டிவுட் குழுவினர் இத்தகைய 322 பேருக்கு ஆஞ்சியோ செய்தபோது, முதல் 4 மணி நேரத்துக்குள் பார்த்தவர்களில் 87 சதவீதம் பேருக்குக் குழாய் முழுக்க அடைத்திருந்தது. 12 முதல் 24 மணிக்குள் பார்த்தவர்களில் அது 65 சதவீதம். கட்டி தானாகவும் கொஞ்சம் கரைகிறது, ஆனால் தசை செத்த பிறகு.

பாதி அடைத்து, கரைந்து, மறுபடி கட்டி, துணுக்குகள் கீழே நுண்குழாய்களில் போய்ச் செருகினால் எஸ்டி ஏறாது, ட்ரோபோனின் (இதயத்தசை செத்தால் ரத்தத்தில் கசியும் புரதம்) மட்டும் ஏறும். இது எஸ்டி ஏறாத மாரடைப்பு. இதே நாடகம் நடந்தும் தசை சாகவில்லை, ட்ரோபோனின் ஏறவில்லை என்றால் நிலையற்ற நெஞ்சுவலி. மூன்றும் ஒரே நோயின் மூன்று முகம், அதனால்தான் ஒரே பெயரில் கரோனரி அவசரநிலை என்று சேர்த்துச் சொல்கிறார்கள்.

முதல் வகைக் கட்டியில் ஃபைப்ரினும் சிவப்பணுவும் அதிகம், சிவப்பாக இருக்கும். இரண்டாவதில் தட்டணு அதிகம், வெளுத்திருக்கும். கட்டியைக் கரைக்கும் ஊசி ஃபைப்ரினைத்தான் கரைக்கும். கரைக்கும்போது உள்ளே சிக்கிய த்ராம்பின் வெளியே வந்து தட்டணுவை இன்னும் கிளப்பிவிடும். எனவே எஸ்டி ஏறாத கேஸுக்கு ஸ்ட்ரெப்டோகைனேஸ், டெனெக்டெப்ளேஸ் போடக்கூடாது. பலன் இல்லை, ரத்தக்கசிவு மட்டும் மிச்சம்.

கொங்கு_வாசகன்:

அப்ப இந்த மெல்லிசு மூடி இருக்கறவங்களுக்கெல்லாம் முன்னாடியே ஸ்டென்ட் வெச்சு உட்டா வேல முடிஞ்சுதுங்களே? எதுக்கு உடையற வரைக்கும் காத்திருக்கோணும்?

கேத்லேப்_ஷிஃப்ட்:

கேட்க நன்றாகத்தான் இருக்குங்க. முதலில் பார்க்கவே கஷ்டம். குழாய்க்குள் விடும் அல்ட்ராசவுண்டின் கூர்மை 100 மைக்ரானுக்கு மேல். 65 மைக்ரான் மூடி அதற்கு நேரடியாகத் தெரியாது. ஓசிடி என்கிற ஒளிப்படக் கம்பிக்கு 10 முதல் 20 மைக்ரான் கூர்மை உண்டு, மூடியை அளக்கலாம். ஆனால் ஒளி ஆழம் போகாது, படம் எடுக்கும்போது சாயத்தால் ரத்தத்தைத் தள்ளிவிட வேண்டும், அதுவும் குழாய்க்குள் கம்பி விட்ட பிறகுதான்.

இரண்டாவது, பார்த்தாலும் எது உடையும் என்று சொல்ல முடிவதில்லை. 2011-இல் வெளியான பிராஸ்பெக்ட் ஆய்வில் 697 பேருக்கு மூன்று தமனிகளையும் உள்ளிருந்து படம் எடுத்தார்கள். மெல்மூடிப் படிவு என்று அடையாளம் கண்டவை சுமார் 600. மூன்று ஆண்டுக்கும் சற்று மேல் கவனித்ததில் அவற்றில் 26 மட்டுமே பிரச்சினை செய்தன. மெல்மூடி, குழாய்ப் பரப்பில் 70 சதவீதத்துக்கு மேல் படிவு, மிஞ்சிய வழி 4 சதுர மில்லிமீட்டருக்குள், இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில்கூட 18 சதவீதம்தான். 600 இடத்தில் ஸ்டென்ட் வைத்தால் ஸ்டென்டே உண்டாக்கும் கட்டி, மறு அடைப்பு, ரத்தக்கசிவு எல்லாம் கணக்கில் வரும்.

2024-இல் பிரிவென்ட் என்ற ஆய்வு 1606 பேரிடம் இதைச் செய்தே பார்த்தது. 2 ஆண்டில் பிரச்சினை வந்தது ஸ்டென்ட் வைத்தவர்களில் 0.4 சதவீதம், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 3.4 சதவீதம். ஆனால் அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி நெஞ்சுவலிக்காக மருத்துவமனையில் சேர்ந்ததும் அந்தத் தமனிக்குப் பிறகு சிகிச்சை செய்ய நேர்ந்ததும்தான். யாருக்கு எது என்று நோயாளிக்கும் டாக்டருக்கும் தெரிந்தே நடந்த ஆய்வு என்பதால் இந்த மாதிரி முடிவுகள் சாயக்கூடியவை. நான் இன்னும் தலையாட்டவில்லை.

திசுப்பார்வை:

பிரிவென்ட் பற்றி எனக்கு உங்களைவிடக் கொஞ்சம் நம்பிக்கை உண்டு, ஆனாலும் இடத்தை வேட்டையாடுவதில் ஒரு அடிப்படைச் சிக்கல் இருக்கிறது. ஒரு தமனியில் ஒரு படிவு மெலிந்தால் அதே அழற்சி மற்ற இடத்திலும் வேலை செய்கிறது. இன்று மெலிந்தது சில மாதத்தில் தடிக்கலாம், இன்று தடித்தது மெலியலாம்.

கூரையை எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் வேய்வது மருந்தால்தான் முடிகிறது. எல்டிஎல் குறையக் குறையக் கரு சுருங்கி மூடி தடிக்கிறது. ஓசிடியால் அளந்தே காட்டியிருக்கிறார்கள். அழற்சியைத் தனியாக அடக்கினாலும் பலன் உண்டு என்று 2017-இல் காண்டோஸ் ஆய்வு காட்டியது: எல்டிஎல் துளியும் குறையாமல், கானாகினுமாப் 150 மில்லிகிராம் ஊசியால் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் சேர்ந்த கணக்கு 15 சதவீதம் குறைந்தது. ஆனால் உயிர்க்கொல்லித் தொற்றுகள் கூடின. கவுட் என்ற மூட்டுவலிக்குத் தரும் கால்சிசின் 0.5 மில்லிகிராமில் 2019-லும் 2020-லும் நல்ல முடிவு வந்து, 2024-இல் 7000 பேருக்கு மேல் சேர்த்த ஆய்வில் பலன் தெரியவில்லை. ஆக அந்த வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

ஒரு திருத்தமும் சேர்க்க வேண்டும். இதுவரை உடைவதைப் பற்றியே பேசினோம். கரோனரிக் கட்டிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மூடி உடையாமலே வருகிறது. மூடி தடிமனாக, முழுசாக இருக்கும். மேலே உள்படலம் மட்டும் உரிந்துபோயிருக்கும். உரிந்த இடத்தில் நியூட்ரோஃபில் வெள்ளணுக்கள் விரிக்கும் வலையில் தட்டணு சிக்கி வெள்ளைக் கட்டி உருவாகும். 50 வயதுக்குக் கீழுள்ள பெண்களிடமும் புகைப்பவர்களிடமும் உள்படலம் உரியும் இந்த வகை அதிகம். வயதானவர்கள், சிறுநீரக நோயாளிகளிடம் சில சதவீதம் சுண்ணாம்பு முடிச்சு துருத்திக் கிழிப்பதால் வருவது.

நைட்_டியூட்டி:

பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும்போது இதையும் சேர்த்துவிடுங்கள் டீச்சர், வீட்டில் போய்ச் சொல்வார்கள்.

கட்டி முழுக்க அடைத்த பிறகு தசை உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் நோக்கிச் சாகிறது. விலங்குச் சோதனைகளில் 40 நிமிடத்தில் உள்ளடுக்கு போய், 6 மணி நேரத்தில் ஏறக்குறைய முழுத்தடிமனும் போய்விட்டது. இந்த நேரத்தை நம் ஊரில் தின்பது ‘கேஸ் ட்ரபிள்’ என்ற வார்த்தை. சோடா, இஞ்சிச் சாறு, விடிந்ததும் பார்க்கலாம். சர்க்கரை நோயாளிக்கும் முதியவருக்கும் வலியே இல்லாமல் வேர்த்துக் கொட்டுவதும் மூச்சு வாங்குவதும் மட்டும் இருக்கலாம்.

108-ஐக் கூப்பிட்டுவிட்டு, ஆஸ்பிரின் 300 மில்லிகிராம் மென்று விழுங்க வேண்டும். அப்படியே விழுங்கினால், அதுவும் குடலில் கரையும் பூச்சுப் போட்ட மாத்திரை என்றால், வேலை தொடங்கத் தாமதமாகும். ஆஸ்பிரின் ஒவ்வாமை, ரத்தம் கசியும் குடல்புண், முதுகைக் கிழிப்பது போன்ற வலி, இந்த மூன்றில் ஒன்று இருந்தால் வேண்டாம். 1988-இல் 17,187 பேரிடம் செய்த ஐசிஸ்-2 ஆய்வில் தினம் 160 மில்லிகிராம் அளவிலான ஆஸ்பிரின் மட்டுமே 5 வார மரணத்தை 23 சதவீதம் குறைத்தது. ஸ்ட்ரெப்டோகைனேஸும் சேர்ந்தபோது 42.

நாக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட் (நைட்ரேட் வகை மாத்திரை) குழாயைத் தளர்த்தும், கட்டியைத் தொடாது. மேல் பிரஷர் 90-க்குக் கீழே போயிருந்தாலோ, ஆண்மைக்குறைவு மருந்துகளான சில்டனாஃபிலை 24 மணிக்குள், டடாலாஃபிலை 48 மணிக்குள் எடுத்திருந்தாலோ அது ஆளையே சாய்த்துவிடும். இதயத்தின் கீழ்ச்சுவர் மாரடைப்பில் வலது பக்கமும் அடிபட்டிருந்தால் அதே கதி. ஆகவே வலது பக்க ஈசிஜி பார்க்காமல் அங்கே நைட்ரேட் கூடாது.

வந்து சேர்ந்த 10 நிமிடத்துக்குள் ஈசிஜி. முதலாவது நார்மல் என்றால் வலி இருக்கும்வரை 15, 30 நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி. பின்சுவர் சாதாரண 12 லீடில் ஒளிந்துகொள்ளும். வி7 முதல் வி9 வரையான லீடுகளை முதுகில் ஒட்டிப் பார்க்க வேண்டும். வலி தொடங்கி ஒரு மணி நேரத்தில் எடுத்த ஒற்றை ட்ரோபோனின் நெகட்டிவ் என்று வீட்டுக்கு அனுப்புவது நாம் பார்க்கும் பெரிய தப்பு.

எஸ்டி ஏறியிருந்தால், 120 நிமிடத்துக்குள் அடைப்பை விரிக்கும் பலூன் வைக்க முடியுமா என்பதுதான் கேள்வி. முடியாது என்றால் அங்கேயே கரைக்கும் ஊசி. டெனெக்டெப்ளேஸ் எடைக்கு ஏற்ப 30 முதல் 50 மில்லிகிராம், 75 வயதுக்கு மேல் பாதி. ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்றால் 15 லட்சம் யூனிட். 60 முதல் 90 நிமிடம் கழித்து எஸ்டி பாதியாவது இறங்காவிட்டால் உடனே பெரிய மருத்துவமனைக்கு.

தமிழ்நாட்டில் 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மருந்து தருகிறார்கள்: ஆஸ்பிரின் 150 இரண்டு, க்ளோபிடோக்ரெல் 75 நான்கு, அடோர்வாஸ்டாட்டின் 10 எட்டு, ஆக 14 மாத்திரை. கூட்டிப் பாருங்கள், 300, 300, 80 என்று வரும். கொடுத்துவிட்டு மேலே அனுப்புகிறார்கள், அங்கேயே படுக்கவைப்பதில்லை.

மருந்துப்பெட்டி:

அதன் பிறகு நடக்கும் தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டென்ட் வைத்த சில மாதத்தில் பல் பிடுங்கவோ வேறு எதற்கோ இரண்டு தட்டணு மருந்தையும் தாமாக நிறுத்துவது. டிகாக்ரெலார் எடுப்பவருக்கு மூச்சுத் திணறுவது போலத் தோன்றுவது தெரிந்த பக்கவிளைவு. டாக்டரிடம் சொல்லி மாற்றலாம், தானாக விடக்கூடாது. க்ளோபிடோக்ரெலோடு ஓமெப்ரசோல் சேர்ந்தால் அது மருந்தாக மாறும் வழியில் குறுக்கே நிற்கும்; பான்டோபிரசோல் பரவாயில்லை. கொலஸ்ட்ரால் குறைக்கும் ஸ்டாட்டின் எடுத்த பிறகு கால்சியம் ஸ்கோர் (தமனியில் உள்ள சுண்ணாம்பை ஸ்கேனில் அளக்கும் எண்) ஏறிவிட்டது என்று பயந்து நிறுத்துகிறவர்களும் உண்டு. மேலே திசுப்பார்வை சொன்ன தகடு அதுதான்: மென்மையான கரு இறுகிக் கல்லாகிறது. பார்க்க வேண்டிய எண் எல்டிஎல். மாரடைப்புக்குப் பிறகு 55-க்குக் கீழே, அதோடு பழைய அளவில் பாதியாவது குறைய வேண்டும் என்பது ஐரோப்பிய வழிகாட்டல்.

பயாலஜி_டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. குழாய்ப் படத்தை அழித்தாயிற்று. போர்டில் வரைய ஒரு விகிதம் சொல்வீர்களா? 65 மைக்ரான் என்று எழுதினால் பிள்ளைகளுக்குக் கண்ணில் நிற்காது.

திசுப்பார்வை:

நூறு மடங்கு பெரிதாக்குங்கள். 3.5 மில்லிமீட்டர் தமனி 35 சென்டிமீட்டர் வட்டமாகும், போர்டில் தாராளமாக அடங்கும். வட்டத்தின் ஒருபக்கச் சுவரை வெளிநோக்கிப் புடைக்கவைத்து அதற்குள் கருவை மஞ்சள் சாக்பீஸில் நிரப்புங்கள்; உள்ளே ரத்தம் ஓடும் வழியை அதிகம் குறைக்காதீர்கள். ஆபத்து எல்லையான 65 மைக்ரான் மூடி அந்த அளவில் ஆறரை மில்லிமீட்டர், சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேய்த்தால் வரும் பட்டையைவிட மெல்லிசு. உடைந்த மூடிகளின் சராசரி 2.3 மில்லிமீட்டர், அதாவது சாக்பீஸ் முனையால் இழுத்த ஒரு கோடு. தட்டணு கால் மில்லிமீட்டர். அதை வரைய வேண்டாம், டஸ்டரைத் தட்டினால் பறக்கும் தூளைக் காட்டினால் போதும். கிழிக்கும் இடத்தை மட்டும் நடு உச்சியில் போட்டுவிடாதீர்கள், தோள்பட்டையில்.